கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும்: ஒரு பழைய பாணி குரோனோகிராஃபைத் தேர்ந்தெடுத்த விவரம்

பழைய பாணி குரோனோகிராஃப், அதாவது பட்டனை அழுத்தினால் ஸ்டாப்வாட்சாகவும் ஓடும் கைக்கடிகாரம், வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் பேச்சு டயலில்தான் ஆரம்பிக்கிறது. வெள்ளை டயலில் கறுப்பு வட்டங்களா, கறுப்பில் வெள்ளையா, கிரீம் நிறமா, புடைத்த கண்ணாடியா, ஓட்டை போட்ட ரேஸிங் ஸ்ட்ராப்பா. எல்லாம் அழகுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் குவார்ட்ஸ், மெக்காகுவார்ட்ஸ், நிஜமான 1970-களின் ஜப்பான் வாட்ச், தடித்த ஸ்விஸ் ஆட்டோமேட்டிக், சோலார் என்று ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்துவிட்டு, இன்று தினமும் கட்டுவது அவை எல்லாவற்றையும்விட வசதி குறைந்த ஒன்றை. 38 மி.மீ. கேஸ், காலையில் கீ கொடுக்க வேண்டும், தேதி கிடையாது, மழையில் நனையக் கூடாது. இந்தத் தேர்வை எது தீர்மானித்தது என்று விவரமாக எழுதுகிறேன். தீர்மானித்தது உள்ளே ஓடுகிற மெஷின். எந்த மெஷின் என்று முடிவு செய்துவிட்டால் வாட்சின் தடிமன், பட்டனின் அழுத்தம், சின்ன வட்டங்கள் எங்கே உட்காரும், பத்து வருடம் கழித்து சர்வீஸ் செய்ய முடியுமா, எல்லாமே அதோடு முடிவாகிவிடுகிறது. டயலை அதற்குப் பிறகு ஆசை தீரத் தேடிக்கொள்ளலாம்.

முதலில் எனக்கு குரோனோ எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மற்றது புரியாது. ரயில். சென்னையிலிருந்து தெற்கே போகும்போது ஜன்னல் ஓரம் கிடைத்தால் வண்டியின் வேகத்தை அளப்பேன். தண்டவாளத்தை ஒட்டி கிலோமீட்டர் கற்கள் வரும், மின்சாரக் கம்பங்களிலும் கிலோமீட்டர் எண்ணும் அதற்குக் கீழே கம்பத்தின் வரிசை எண்ணும் எழுதிய தகடு இருக்கும். ஒரு கல் கடக்கும்போது மேல் பட்டனை அழுத்து, அடுத்த கல் கடக்கும்போது மறுபடி அழுத்து, 3600-ஐ வந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். 45 விநாடி என்றால் 80, 40 என்றால் 90, 36 என்றால் சரியாக 100. டயலைச் சுற்றி டாக்கிமீட்டர் அளவு அச்சிட்டிருந்தால் வகுக்கவும் வேண்டாம், முள் நிற்கும் இடத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் போதும். விழுப்புரம் தாண்டி திருச்சிக்குப் போகும் கார்டு லைனில் (குறுக்குப் பாதை) வைகை எக்ஸ்பிரஸ் நன்றாகப் பிடித்து ஓடுகிற இடத்தில் 33 விநாடி வரும், அது 109. அந்த வேகத்தில் ஒரே ஒரு விநாடி பிசகினால் கணக்கு மூன்று கி.மீ. தள்ளிப் போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அழுத்தும் நேரத்தில் கண் வாட்சில் இருக்காது, வெளியே கல் மேல் இருக்கும். கல் ஒரு நொடியில் பறந்துவிடும். அதனால் பட்டன் அழுந்தியதா இல்லையா என்பது கட்டைவிரலுக்கு மட்டும் தெரிந்தாக வேண்டும். பெட்டி ஆடிக்கொண்டிருக்கும், கை ஜன்னல் கம்பியில் இருக்கும். இந்த ஒரு சோதனையில்தான் வாட்சுகள் பிரிந்து நின்றன. ஓட்டப் பயிற்சிக்கோ சமையலுக்கோ அளப்பவர்களுக்கும் இது பொருந்தும், அங்கேயும் கண் வேறு எங்கோதான் இருக்கிறது.

முதல் குரோனோ சாதாரண குவார்ட்ஸ், செல் போடுகிறது. ஓசூரில் டைட்டன் ஆலை வந்த பிறகு நம் ஊர்ப் பக்கம் குவார்ட்ஸ் வாட்ச் என்பது ஒவ்வொரு வீட்டிலும் உள்ள பொருள் ஆகிவிட்டது, மூன்று வட்டம் வைத்த டயல் கல்யாணப் பரிசாகவே வரும். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நேரம் சரியாகக் காட்டும். பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு மின் தொடர்பு மூடும், அவ்வளவுதான், விரலுக்கு ஒன்றும் பேசாது.

அடுத்தது மெக்காகுவார்ட்ஸ். சைக்கோ குழுமம் செய்யும் வீகே63, வீகே64 மெஷின்கள் இப்போது சிறிய கம்பெனிகளின் பழைய பாணி குரோனோக்கள் பலவற்றின் உள்ளே இருக்கின்றன. நேரம் காட்டுகிற வேலையை செல்லும் குவார்ட்ஸும் பார்த்துக்கொள்ளும், குரோனோவை நிறுத்தி பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும் வேலையை மட்டும் நிஜமான நெம்புகோல்கள் செய்யும். பூஜ்ஜியத்துக்குத் திரும்புவது எப்படி என்றால், முள்ளின் அச்சில் இதய வடிவத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும், கீழ் பட்டனை அழுத்தியதும் ஒரு சுத்தியல் அதன் மேல் விழும், இதயம் எந்த நிலையில் இருந்தாலும் அதன் குழிவான பக்கத்துக்குச் சுழன்று நின்றுவிடும், முள்ளும் 12-க்கு வந்துவிடும். அடோல்ஃப் நிக்கோல் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1844-ல். இன்றைக்கும் அதே இதயம்தான். அதனால் மெக்காகுவார்ட்ஸில் கீழ் பட்டனை அழுத்தினால் முள் பட்டென்று திரும்பி வரும், பார்க்கவே திருப்தியாக இருக்கும். பட்டனில் நல்ல கிளிக் உண்டு. 2021-ல் வந்த ஃபர்லான் மர்ரியின் முதல் வாட்சுகள் வீகே64-ஐ வைத்துக்கொண்டே ஜெனீவாவின் பெரிய விருதுகளில் ஒன்றை வாங்கின, அந்த அளவுக்கு இந்த மெஷினை நம்பி நல்ல டயல் செய்கிறார்கள்.

பிறகு ஏன் அதோடு நிற்கவில்லை? வீகே64-ல் ஒரு பக்க வட்டம் 60 நிமிடக் கணக்கு, மறு பக்க வட்டம் 24 மணி நேரம் காட்டும். நேரம் காட்டும் முள் என்ன சொல்கிறதோ அதையேதான் அந்த வட்டமும் சொல்கிறது. 1940-களின் டயலை அப்படியே நகலெடுத்துவிட்டு, அங்கே ஓடும் விநாடி (எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் சின்ன விநாடி முள்) இருந்த இடத்தில் இதை வைக்கும்போது வாட்ச் உயிரில்லாமல் தெரிகிறது, குரோனோவை ஓட விடாத வரைக்கும் டயலில் எதுவுமே அசையாது. வீகே63-ல் ஓடும் விநாடி உண்டு, ஆனால் வட்டங்கள் மூன்றாகிவிடும். இப்படித்தான் டயலைப் பற்றி யோசித்தாலும் கடைசியில் மெஷினில் வந்து முட்டுகிறது.

சரி, பழைய பாணி எதற்கு, பழையதையே வாங்குவோம் என்று போனது சைக்கோ 6139-க்கு. 1969-ஐ வாட்ச் பிரியர்கள் மறக்க மாட்டார்கள். தானாகக் கீ ஏறும் குரோனோகிராஃபை முதலில் யார் கொடுப்பது என்று மூன்று தரப்பு ஓடியது. ஜனவரியில் ஜெனித் எல் பிரிமேரோவை அறிவித்தது, மார்ச்சில் ஹாயர், பிரெய்ட்லிங் கூட்டணி கேலிபர் 11-ஐக் காட்டியது, சைக்கோ சத்தம் போடாமல் அதே வருடம் ஜப்பானில் 6139-ஐ விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. 1973 நவம்பரில் கிளம்பிய ஸ்கைலேப் 4 பயணத்தில் வில்லியம் போக் மஞ்சள் டயல் 6139 ஒன்றைத் தன் விருப்பமாகக் கட்டிக்கொண்டு 84 நாள் விண்வெளியில் இருந்தார். அந்த வாட்ச் 2008-ல் ஏலத்தில் 5,975 டாலருக்குப் போனது. விண்வெளிக்குப் போன வாட்சுக்கு இது மிகக் குறைந்த விலை என்பது என் எண்ணம். அப்பல்லோ 15-ல் டேவ் ஸ்காட் நிலவில் கட்டியிருந்த புலோவா 2015-ல் 16 லட்சம் டாலரைத் தாண்டியது.

6139 எனக்கு மிகவும் பிடித்த மெஷின். உள்ளே காலம் வீல் (column wheel, தூண் சக்கரம், இதைப் பின்னால் விளக்குகிறேன்) உண்டு, வெர்டிகல் கிளட்ச் உண்டு. வெர்டிகல் கிளட்ச் என்றால் குரோனோ முள்ளின் தட்டு மேலிருந்து கீழே இறங்கி, ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பல்லோடு பல் மோதாது, அதனால் முள் துள்ளாமல் கிளம்பும். கீயை லேசாக அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும், திருகினால் உள்வளையம் சுற்றும். இவ்வளவு யோசித்துச் செய்த வாட்ச். ஒரு குறை, கையால் கீ கொடுக்க முடியாது, ஓடும் விநாடியும் கிடையாது.

இந்தியாவில் இதை வாங்குவது தனிக் கலை. வெளியே பளபளவென்று புதுசாக இருக்கும் 6139 கிடைத்தால் சந்தேகப்பட்டே ஆக வேண்டும். டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்து அச்சிட்டு, வேறு வாட்சின் முள்ளைப் போட்டு விற்பது இங்கே நீண்ட காலமாக நடக்கிறது. அசல் டயலின் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் எண் வரிசை ஒன்று ஓடும், அது கூர்மையாக இருக்கிறதா, பின்மூடியில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பின்மூடியின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். நான் பணம் கொடுப்பதற்கு முன்பே பாரிமுனைப் பக்கம் வழக்கமாகப் போகும் வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோய்த் திறக்கச் சொன்னேன். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

"மெஷின் ஒரிஜினல் தம்பி. டயல் பெயின்ட். பாருங்க, எழுத்து ஓரமெல்லாம் தடிச்சிருக்கு."

"சர்வீஸ் பண்ணா ஓடும்ல பாய்?"

"ஓடும். நல்ல மெஷின். ஆனா சாமான் மட்டும் கேக்காதீங்க. ஏதாச்சும் உடைஞ்சா இன்னொரு வாட்சை உடைச்சுத்தான் எடுக்கணும்."

அந்த விவரத்தை வைத்து விலையைக் குறைத்துத்தான் வாங்கினேன். அவர் ஓவராயில் செய்து கொடுத்தார், நன்றாக ஓடியது. கட்டைவிரல் சோதனையில் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் தாண்டியது. ஆனாலும் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் பாய் சொன்னது காதில் விழும். தினமும் பயன்படுத்தத்தான் எனக்கு வாட்ச், பாதுகாத்து வைக்க இல்லை. அம்பது வயதான பல்சக்கரத்தை ரயில் கம்பம் எண்ணத் தேய்ப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அதை, பழைய சைக்கோ மட்டுமே சேர்க்கிற ஒருவரிடம், டயல் விஷயத்தைச் சொல்லியே கொடுத்துவிட்டேன்.

பிறகு ஸ்விஸ் ஆட்டோமேட்டிக். பழைய பாணியில் வருகிற ஆட்டோமேட்டிக் குரோனோக்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது வால்ஜூ 7750 மெஷின் அல்லது அதன் வாரிசுகள். எட்மண்ட் காப்ட் 1970-களின் தொடக்கத்தில் வடிவமைத்தது, குவார்ட்ஸ் புயல் வந்து ஸ்விஸ் தொழிலே ஆட்டம் கண்ட நேரத்தில் உற்பத்தி நின்று, பிறகு மீண்டு வந்து இன்றுவரை ஓடுகிறது. உறுதியில் இதை அடிக்க ஆளில்லை. எந்த ஊரிலும் சர்வீஸ் தெரிந்தவர் இருப்பார். ஆனால் மெஷின் மட்டுமே 7.9 மி.மீ. தடிமன். அதன் மேல் டயல், முள், புடைத்த கண்ணாடி, கீழே மூடி என்று சேர்த்தால் 14, 15 மி.மீ. சர்வசாதாரணமாக வந்துவிடுகிறது. 1960-களின் மெலிந்த கேஸை நகலெடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு இதை உள்ளே வைத்தால், மேலே இருந்து படம் எடுத்தால் அழகாக இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் வேறு வாட்ச். முழுக்கைச் சட்டையின் கஃப் அதன் மேல் ஏறாது. கை அசைவில் சுழன்று கீ ஏற்றும் எடையான ரோட்டார் ஒரு பக்கம் சுற்றும்போது மட்டுமே கீ ஏறும், மறு பக்கம் கட்டுப்பாடில்லாமல் சுழலும், கையை உதறினால் மணிக்கட்டில் அந்த ஆட்டம் தெரியும். சிலருக்கு அது பிடிக்கும்.

பட்டன்தான் எனக்குச் சங்கடம். 7750 காலம் வீல் இல்லாத மெஷின், கேம் வகை. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காலம் வீல் என்பது ஒரு பல்சக்கரத்தின் மேல் சின்ன மண்டபத் தூண்கள் வட்டமாக நிற்பது போன்ற உறுப்பு. மேல் பட்டனை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அது ஒரு படி திரும்பும். நெம்புகோல்களின் நுனிகள் தூணின் மேல் ஏறும் அல்லது இரண்டு தூணுக்கு நடுவே விழும், அதை வைத்தே கிளட்ச் சேரும், விலகும், பிரேக் விழும். கேம் வகையில் தூண்களுக்குப் பதிலாக வெட்டி எடுத்த ஒரு தகடு முன்னும் பின்னும் ஆடும். லாண்டெரான் 1937-ல் இதைக் கொண்டுவந்தபோது நோக்கம் செலவைக் குறைப்பது, உற்பத்தி சுலபம். மட்டமான வழி என்று இதைச் சொல்ல மாட்டேன், ஒமேகா ஸ்பீட்மாஸ்டரே 1968-ல் 321 மெஷினிலிருந்து 861 மெஷினுக்கு மாறியபோது காலம் வீலை விட்டு கேமுக்கு வந்தது. ஆனால் விரலுக்கு வித்தியாசம் தெரியும். 7750-ல் தொடங்கும் அழுத்தம் கனமாக இருக்கும், நிறுத்தும் அழுத்தம் அதைவிட லேசு. ஆடும் ரயிலில் தொடங்கும்போது அழுத்தி அழுத்தி, கடைசியில் அது "டக்" என்று உடைந்து போகிற மாதிரி உள்ளே போகும்போது கல் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். இரண்டு முனையிலும் ஒரே மாதிரித் தாமதம் என்றால் கழித்துவிடும். இங்கே ஒரு முனையில் தாமதம், மறு முனையில் இல்லை. கணக்கு அதனால்தான் பிசகுகிறது.

நடுவில் சைக்கோவின் சோலார் ஸ்பீட்டைமர், 2021-ல் வந்த எஸ்எஸ்சி813. 39 மி.மீ., வெள்ளை டயலில் கறுப்பு வட்டங்கள், சஃபையர் கண்ணாடி, 100 மீட்டர் நீர் தாங்கும், முழுக்க சார்ஜ் ஏறினால் இருட்டிலும் ஆறு மாதம் ஓடும், டாக்கிமீட்டரும் உண்டு. இந்த விலையில் இதைவிட உபயோகமான குரோனோ இல்லை என்று இப்போதும் யாரிடமும் சொல்வேன். குரோனோ முள் விநாடிக்கு ஐந்து துடிப்பு. பட்டன் லேசு, தாமதம் இல்லை. ஆனால் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்போது மோட்டார் முள்ளைச் சுற்றிக் கொண்டுவருகிறது, சுத்தியல் விழுவதில்லை. அளப்பதில் இது ஒரு குறையே அல்ல. என் ஆசைக்கு மட்டும் அது குறை. அந்த வாட்ச் இப்போது தம்பி கையில் இருக்கிறது, பைக்கில் மழையில் நனைந்துகொண்டு போகிறவன் அவன், அவனுக்கு அதுதான் சரி.

ஆக, என்ன வேண்டும் என்று தெளிவாகிவிட்டது. காலம் வீல், தடிமன் குறைய கையால் கீ கொடுக்கும் மெஷின், ஓடும் விநாடியும் நிமிடக் கணக்கும் கொண்ட இரண்டே வட்டங்கள், புதிதாக உற்பத்தியில் இருக்க வேண்டும், உடைந்தால் சாமான் கிடைக்க வேண்டும். இப்படிப் பட்டியல் போட்டு, விலையையும் மனதில் வைத்தால், உலகத்தில் மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட ஒரே மெஷின்தான். தியான்ஜின் நகரத்து சீகல் ஆலையின் எஸ்டி1901. ஸ்பீட்மாஸ்டரின் விலை லட்சங்களில் நிற்கிறது, அதன் பக்கம் நான் போகவே இல்லை. ஹாமில்டன் 2022-ல் கையால் கீ கொடுக்கும் இன்ட்ராமேட்டிக் கொண்டுவந்தது, 40 மி.மீ., அழகான டயல், 60 மணி நேரம் ஓடும், ஆனால் அதன் மூலமும் 7750 குடும்பமே.

எஸ்டி1901-ன் பூர்வீகம் தெரிந்தால் அதன் மேல் மரியாதை வரும். ஸ்விட்சர்லாந்தில் வீனஸ் என்று ஒரு கம்பெனி, குரோனோ மெஷின் மட்டுமே பிரதானமாகச் செய்தது. அதன் 175 என்ற காலம் வீல் மெஷின் 1940-களிலிருந்து பல பெயர்களின் டயலுக்குக் கீழே ஓடியது. கேம் வகையான 188-ல் முதலீடு செய்யப் பணம் தேவைப்பட்டபோது, 175-ன் அச்சுகளையும் இயந்திரங்களையும் விற்க முன்வந்தது. 1961-ல் சீன அரசு தன் விமானப்படைக்கு ஒரு குரோனோகிராஃப் செய்யும்படி தியான்ஜின் ஆலையிடம் சொல்லியிருந்தது, திட்ட எண் 304. இயந்திரங்கள் அங்கே போயின, 1963-ல் முன்மாதிரிகள் தயாராகின, சில வருட சோதனைக்குப் பிறகு சுமார் 1,400 வாட்சுகள் விமானிகளுக்காகச் செய்யப்பட்டன. வீனஸ் 1966-ல் வால்ஜூவோடு சேர்ந்துவிட்டது. எந்த 188-க்காக 175-ஐ விற்றார்களோ அது வால்ஜூ 7730 என்று பெயர் மாறி, அதன் வழியில் 7734 வந்து, அந்த 7734-ன் இயந்திரங்களை 1970-களில் சோவியத் யூனியன் வாங்கி மாஸ்கோவில் போல்ஜோட் 3133 செய்தது. ஒரே வீனஸின் ஒரு கிளை தியான்ஜினில், இன்னொரு கிளை மாஸ்கோவில். அதற்கும் முன்பே மாஸ்கோ வீனஸ் 150-ன் வழியில் ஸ்ட்ரெலா செய்திருந்தது, 1965 மார்ச் 18 அன்று முதல் விண்நடை போன அலெக்சி லியோனோவ் கட்டியிருந்தது ஸ்ட்ரெலா. வாங்கியவர்கள் இதைத் தூசியில் போடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஸ்விட்சர்லாந்தில் 175 நின்று அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, தியான்ஜினில் அதன் வாரிசு இன்னும் ஓடுகிறது.

1963 மாதிரி என்று இன்று விற்பதைப் பல சிறு கம்பெனிகள் செய்கின்றன. கிரீம் நிற டயல், ஒட்டவைத்த தங்க நிறக் குறிகள், நீல மணி முள், நீல நிமிட முள், சிவப்பு குரோனோ முள், 12-க்குக் கீழே சிவப்பு நட்சத்திரம். இடது வட்டம் ஓடும் விநாடி, வலது வட்டம் 30 நிமிடம். நான் இந்த மாதிரியில் ஒன்றை வாங்கினேன். இதே எஸ்டி1901-ஐ வைத்து பிரான்சின் பால்டிக் தன் பைகாம்பாக்ஸைச் செய்கிறது, சீன எழுத்தும் நட்சத்திரமும் வேண்டாம் என்பவர்கள் அதைப் பார்க்கலாம், விலை கூடுதல். நிறைய பேர் 42 மி.மீ. கேஸைக் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். மெஷின் அதேதான், இரண்டு வட்டத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை மெஷின் தீர்மானிக்கிறது, கேஸ் பெரிதானால் வட்டங்கள் இரண்டும் நடுவில் நெருங்கிக் கண் இடுங்கிய மாதிரித் தெரியும். 38-ல் அவை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. மெஷின் சுமார் 6 மி.மீ. தடிமன்தான், மொத்த வாட்ச் 13-க்குப் பக்கம் வந்தாலும் அதில் நல்ல பங்கு கண்ணாடியின் புடைப்பு, கஃப் அதன் மேல் வழுக்கி ஏறிவிடுகிறது. கண்ணாடி அக்ரிலிக். கீறல் விழும், பாலிவாட்ச் என்ற பாலிஷ் பசையைத் துணியில் தொட்டுக் கொஞ்ச நேரம் தேய்த்தால் போய்விடும். சஃபையர் போட்டதும் கிடைக்கிறது, ஆனால் ஜன்னல் வெயிலில் அதன் பளபளப்பு படிக்க விடாது, அக்ரிலிக்கின் ஓரத்தில் டயல் லேசாக வளைந்து தெரிவதும் அதில் கிடைக்காது.

வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல முடியாது. நாளுக்கு இருபது விநாடிக்கு மேல் வேகமாக ஓடியது. ரீசெட் செய்தால் சிவப்பு முள் 12-க்கு ஒரு மயிரிழை இடப்பக்கம் நின்றது. இந்த விலை வாட்சுகளில் இரண்டுமே எதிர்பார்க்க வேண்டியவை, அதற்கான செலவையும் சேர்த்தே கணக்குப் போட்டிருந்தேன், சுங்கவரியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாயிடம் போனேன். முள்ளைக் கழற்றி, ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி நேராக வைத்து மறுபடி பொருத்தினார். பிறகு டைமிங் மெஷினில் வைத்தார். முழுக் கீயில் ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் சக்கரம் வீசி ஆடும் அளவு) 280 டிகிரியை ஒட்டி வந்தது, குரோனோவை ஓடவிட்டதும் கொஞ்சம் இறங்கியது. அது நோய் இல்லை, இந்த மெஷினில் கிளட்ச் கிடைமட்டமானது, ஒரு பல்சக்கரம் பக்கவாட்டில் வந்து நடுச் சக்கரத்தோடு பல் கோக்கிறது, அந்தச் சுமையை, கீ கொடுத்தால் இறுகும் மெயின்ஸ்பிரிங்தான் தூக்க வேண்டும். தேவையில்லாதபோது குரோனோவை ஓடவிட்டுக்கொண்டே இருக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். பாயும் அதையே சொன்னார், அப்புறம் வாட்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காலம் வீல் வெச்சு இந்த விலைக்கா? நம்பவே முடியல தம்பி," என்றார்.

பின்மூடியும் கண்ணாடி. அதில் பார்க்கும்போதுதான் பட்டனின் உணர்வுக்குக் காரணம் தெரிகிறது. மேல் பட்டனை மெதுவாக அழுத்தினால் முதலில் ஒரு நீண்ட நெம்புகோல் நகரும், அதன் கொக்கி காலம் வீலின் பல் ஒன்றைப் பிடித்து இழுக்கும், தூண் ஒன்று விலகும், அதே கணத்தில் கிளட்ச் கை உள்ளே சாய்ந்து ஊசிமுனைப் பற்கள் நடுச் சக்கரத்தைத் தொடும். அழுத்தம் ஒரே சீராக ஏறி, ஒரே இடத்தில் விட்டுக்கொடுக்கிறது. தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அதே எடை. முள் கிளம்பும்போது சில நேரம் ஒரு நூலளவு துள்ளும், பற்கள் கோக்கும் இடத்தைப் பொறுத்தது, 6139-ல் இது இல்லை, இங்கே உண்டு. நடுச் சக்கரத்தில் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அது பக்கத்துச் சக்கரத்தை ஒரு பல் தள்ளும், வலது வட்டத்தில் நிமிட முள் ஒரு கோடு நகர்ந்து உட்காரும். பழைய வீனஸ் 175 மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து, எஸ்டி1901 மணிக்கு 21,600, விநாடிக்கு ஆறு. ஐந்தில் ஒரு விநாடிக்குக் கோடு போட்ட பழைய பாணி டயலில் இந்த முள் எல்லா முறையும் கோட்டின் மேலேயே நிற்காது. லென்ஸ் வைத்துப் பார்ப்பவருக்கு உறுத்தலாம். ரயிலில் அரை விநாடிக்குக் கீழே போவது கட்டைவிரலால் ஆகாத காரியம், அதனால் எனக்கு உறுத்தவில்லை.

ரயிலில் இதை வைத்து எடுத்த கணக்குகள் அடுத்தடுத்த கிலோமீட்டர்களில் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றன. வண்டி ஒரே வேகத்தில் ஓடும்போது 33, 33, 34, 33 என்று வருகிறது. ஆட்டோமேட்டிக்கில் இதே பாதையில் 32-க்கும் 35-க்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தது. டயலில் டாக்கிமீட்டர் இல்லாததால் மனக்கணக்குதான், 30-லிருந்து 60 வரை உள்ள வகுத்தல்கள் இப்போது மனப்பாடம்.

இதை வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். குரோனோ ஓடிக்கொண்டிருக்கும்போது கீழ் பட்டனை அழுத்தாதீர்கள், நிறுத்திய பிறகுதான் ரீசெட். காலையில் ஒரே நேரத்தில் கீ கொடுங்கள், எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள், ஆட்டோமேட்டிக் மாதிரி இது சுற்றிக்கொண்டே போகாது. கை கழுவும்போது தண்ணீர் தெறிப்பதைத் தாங்கும் என்பதற்கு மேல் தண்ணீர் விஷயத்தில் நம்ப வேண்டாம். லக் அகலம், அதாவது ஸ்ட்ராப் மாட்டும் இடத்தின் அகலம், 18 மி.மீ., கடைகளில் 20-க்கும் 22-க்கும்தான் ஸ்ட்ராப் குவிந்து கிடக்கும், 18-ல் தேட வேண்டும். கூட வருகிற தோல் ஸ்ட்ராப் சென்னை வேர்வையில் ஒரு கோடையைத் தாண்டாது, அதைக் கழற்றி வைத்துவிட்டு நைலான் போட்டால் கழுவிக் காயப்போடலாம். வாங்கிய பிறகு ஒரு முறை நல்ல கையில் கொடுத்து எண்ணெய் பார்த்து டைமிங் சரிசெய்துகொள்ளுங்கள். கழுத்து வளைந்த ஸ்பிரிங் வைத்த ரெகுலேட்டர் (வாட்சின் வேகத்தைத் திருத்தும் உறுப்பு) உள்ள ரகம் கொஞ்சம் விலை கூடும், நுணுக்கமாகத் திருத்த அது வசதி, சாதாரண ரகத்திலும் கை தெரிந்தவர் சரிசெய்துவிடுவார்.

தினமும் பைக்கில் போகிறவர், நீந்துகிறவர், தேதி பார்க்காமல் இருக்க முடியாதவர், கட்டினால் மறந்துவிட வேண்டும் என்று நினைப்பவர் இந்தப் பக்கம் வர வேண்டாம், சோலார் ஸ்பீட்டைமரை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய 6139-தான் வேண்டும் என்றால் டயல் கீறலோடும் நிறம் மங்கியும் இருப்பதையே எடுங்கள், திறந்து காட்ட மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள், சர்வீஸ் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.